வெளுத்ததெல்லாம் பால் அல்ல: புது மீன் தொட்டியின் கலங்கல் பற்றி ஓர் ஆய்வு

புதிதாக மீன் தொட்டி வைத்தவர்கள் இரண்டு மூன்று நாளில் கடைக்குத் திரும்பி வந்து கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "தண்ணி ஏன் இப்படிக் கலங்கிக் கிடக்கு?" கேள்வி ஒன்றாக இருந்தாலும் பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பச் சொல்பவர் உண்டு. ஒரு வாரம் கையே வைக்காதீர்கள் என்பவர் உண்டு. நீல மருந்து நாலு சொட்டு, ஒரு பிடி கல் உப்பு, தண்ணீரைத் தெளிய வைக்கும் பாட்டில் என்று அடுக்குபவரும் உண்டு. யாரும் பொய் சொல்லவில்லை. சொன்னது ஏதோ ஒரு தொட்டியில் பலித்திருக்கும். ஆனால் கலங்கல் என்பது ஒரே நோய் அல்ல. வெவ்வேறு காரணங்கள் காட்டும் ஒரே அறிகுறி அது. காரணம் தெரியாமல் வைத்தியம் செய்தால் பலிப்பதும் பலிக்காமல் போவதும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இந்தக் கட்டுரை அந்தக் காரணங்களைப் பிரித்துப் பார்க்கிறது. எடுத்துக்கொண்ட களம் விராலிமலை. திருச்சியிலிருந்து மதுரை நெடுஞ்சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் தெற்கே, முருகன் கோயிலுக்கும் மயில்களுக்கும் பேர்போன ஊர். மீன் தொட்டி வைப்பவருக்கு இந்த ஊரில் வேறொரு விசேஷமும் உண்டு. கடும்பாறைப் பூமியைத் துளைத்து வரும் போர்த் தண்ணீர், கூட்டுக் குடிநீர்க் குழாயில் வரும் காவிரித் தண்ணீர், கடையில் வாங்கும் கேன் தண்ணீர் என்று மூன்று விதமான நீர் ஒரே தெருவில் கிடைக்கும். மூன்றும் மூன்று விதமாகக் கலங்கும். மூன்றும் மூன்று விதமாகத் தெளியும்.

முதல் கலங்கல், முதல் தீர்வு

இந்தப் பிரச்சினைக்கு வயது 170-ஐத் தாண்டிவிட்டது. லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1849-இல் 12 காலன், அதாவது ஏறத்தாழ 55 லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் கலத்தில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் விட்டார். நம் வீடுகளில் இருக்கும் இரண்டடித் தொட்டியும் கிட்டத்தட்ட அந்தக் கொள்ளளவுதான். மீனுக்குச் செடி ஆக்சிஜன் தரும், செடிக்கு மீன் கழிவு உரமாகும் என்பது அவருடைய கணக்கு. கணக்கு சரியாகவே இருந்தும் சில நாளில் செடியின் பழுத்த இலைகள் அழுகி நீர் கலங்கியது. கண்ணாடியிலும் பாசி படிந்தது. வாரிங்டன் நீரை மாற்றவில்லை. அழுகுவதைத் தின்ன ஆள் வேண்டும் என்று குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். தொட்டி தெளிந்தது. 1850-இல் லண்டன் கெமிக்கல் சொசைட்டியின் இதழில் இதை எழுதினார்.

நீரைக் குறை சொல்லாமல், நீருக்குள் எது அழுகுகிறது என்று பார்த்ததுதான் அவர் செய்த காரியம். நத்தைகளோடு கூடவே, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கூட்டமும் அந்தக் கலத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. அம்மோனியாவை உண்டு வாழும் பாக்டீரியாக்களை ரஷ்ய நுண்ணுயிரியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி தனியே பிரித்துக் காட்ட 1890 வரை ஆனது. தொட்டி வைப்பவர்கள் அவற்றைப் பற்றிப் பேசத் தொடங்கியது அதற்கும் வெகு பின்னால்.

எப்போது கலங்கியது, என்ன நிறம்?

காரணத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இரண்டு கேள்விகள் போதும்: நீர் ஊற்றி எத்தனை நேரத்தில் கலங்கியது? என்ன நிறத்தில் கலங்கியது?

ஊற்றும்போதே சாம்பல் நிறத்திலோ மண் நிறத்திலோ கலங்கினால் அது தூசி. அடியில் பரப்பிய மணலையும் கல்லையும் சரியாகக் கழுவவில்லை. ஆற்று மணல் கிடைப்பது அரிதாகிவிட்டதால், வீடு கட்டி மிஞ்சிய எம்-சாண்டைத் தொட்டியில் போடுகிறவர்கள் இப்போது அதிகம். எம்-சாண்ட் கிரஷரில் உடைபட்ட பாறை. அதில் மாவாக அரைபட்ட துகளும் கலந்தே வரும். கட்டுமான மணலுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383, உடைத்த கல் மணலில் 150 மைக்ரான் சல்லடையில் இறங்கும் நுண்துகள் 20 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது. கான்கிரீட்டுக்கு அது குற்றமில்லை. மீன் தொட்டிக்கு அதுதான் கலங்கல். எம்-சாண்டின் முனைகள் கூர்மையாக இருப்பதால், அடியில் மேயும் மீன்களின் மீசை தேய்ந்துபோகும் என்பது வேறு தொல்லை.

துகள் எத்தனை சிறியதோ அத்தனை மெதுவாகப் படியும். அசையாத நீரில் 0.1 மில்லிமீட்டர் மணல் துகள் ஓரடி ஆழம் இறங்க ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும். 2 மைக்ரான் களிமண் துகளுக்கு அதே ஓரடிக்கு ஏறத்தாழ ஒரு நாள். அதைவிட நுண்ணியவை நாள் கணக்கில் மிதக்கும். ஏர் பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் படியவே படியாது. களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் கொண்டு ஒன்றையொன்று தள்ளுவதும் ஒரு காரணம். கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் இந்தத் தள்ளலைத் தணிப்பதால் துகள்கள் ஒட்டிக் கட்டியாகிச் சீக்கிரம் இறங்கும். அதனால்தான் ஒரே மணலைப் போட்டாலும் போர்த் தண்ணீர்த் தொட்டி சீக்கிரம் தெளிகிறது. மழைநீரோ கேன் தண்ணீரோ ஊற்றிய தொட்டி இழுத்தடிக்கிறது.

நிரப்பிய சில மணி நேரத்துக்குள் நீர் முழுக்க வெண்பொடி தூவியதுபோல் ஆனால், கீழிருந்து மேலாக மெல்லத் தெளிந்துகொண்டு வந்தால், அது காற்றுக் குமிழி. அழுத்தத்தில் இருந்த நீர் வெளியே வந்ததும் கரைந்திருந்த காற்று பிரிவதால் வருவது, தானே போய்விடும்.

முதல் ஓரிரு நாளில் நிறம் வெண்மையாகவும், கண்ணாடியிலும் ஹீட்டரிலும் வெள்ளைப் படிவமாகவும் காணப்பட்டால் சுண்ணாம்பு. நிலத்தடி நீரில் கரியமில வாயு நிறையக் கரைந்திருக்கும். அது இருக்கும்வரை கால்சியமும் பைகார்பனேட்டாகக் கரைந்தே கிடக்கும். ஏர் பம்ப் போட்டதும் கரியமில வாயு வெளியேறி, நீரின் காரத்தன்மை கூடி, கால்சியம் கார்பனேட் வெண்துகளாகப் பிரிகிறது. போர்த் தண்ணீரை அடுப்பில் வைத்த பாத்திரத்தில் படியும் அதே வெள்ளை. இரும்புச் சத்துள்ள போர்த் தண்ணீர் என்றால் இதே காற்றோட்டத்தில் துரு நிறமாகக் கலங்கும்.

இரண்டாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், அதுவரை தெளிவாக இருந்த நீர் ஒரே இரவில் பால் கலந்ததுபோல் ஆனால் அது பாக்டீரியா. இதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

சில வாரம் கழித்துப் பச்சையானால் அது மிதக்கும் பாசி. வெயிலும் விளக்கும் அதிகம், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதிகம் என்று பொருள். ஜன்னல் ஓரத்தில் வைத்த தொட்டிகளுக்கே இது பெரும்பாலும் வரும். கலங்கல் இல்லாமல் கட்டன் சாயா நிறம் மட்டும் ஏறினால், உள்ளே போட்ட மரக்கட்டையோ பாதாம் இலையோ விட்ட சாயம். மீனுக்குக் கெடுதல் இல்லை.

பாட்டிலில் ஓர் இரவு

சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடி பாட்டிலில் தொட்டி நீரை மொண்டு, மூடி போட்டு, ஓர் இரவு அசைக்காமல் வைத்துவிடலாம். காலையில் அறையை இருட்டாக்கி, பாட்டிலின் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அடியில் மெல்லிய படலம் படிந்து மேலே தெளிந்திருந்தால் தூசியோ சுண்ணாம்போ. நீரை மெதுவாக வடித்துவிட்டு, அந்த வண்டலில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். பாறைத் தூசி அப்படியே கிடக்கும். வண்டலே இல்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக வெளிறிக் கிடந்து, மூடியைத் திறந்ததும் லேசான வாடை வந்தால் அது பாக்டீரியா. அதற்கு வேறு சோதனை வேண்டாம்.

பால் நிறத்தின் உள்ளே

புதுத் தொட்டியில் உணவு நிறைய இருக்கிறது. உண்பதற்குப் போட்டியாளர் இல்லை. மீன் தின்னாமல் விட்ட தீனி, புதுச் செடியின் அழுகிய இலை, மரக்கட்டை விடும் சாறு எல்லாம் நீரில் கரிமப் பொருளாகக் கரைகின்றன. இவற்றைத் தின்னும் பாக்டீரியாக்கள் நல்ல சூழலில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரட்டிப்பாகும். தொட்டியில் நமக்கு வேண்டியவை, அதாவது அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுபவை, இரட்டிப்பாக அரை நாளுக்கு மேல், பல சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். மணிக்கொரு முறை இரட்டிக்கும் ஒன்று 24 மணி நேரத்தில் 1.68 கோடி ஆகிவிடும், உணவு தீராதிருந்தால். நாளுக்கொரு முறை இரட்டிப்பது அதே நேரத்தில் இரண்டுதான். புதுத் தொட்டியின் பால் நிறம் இந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு.

இதனால் தண்ணீர் மாற்றும் வாதத்தையும் எடைபோட முடிகிறது. பாதித் தண்ணீரை எடுத்தால் மிதக்கும் பாக்டீரியாவில் பாதி போகும். மீதிப் பாதி ஒருமுறை இரட்டித்தால் பழைய எண்ணிக்கை வந்துவிடும். காலையில் மாற்றிய நீர் மாலையில் மறுபடி வெளுப்பது இதனால்தான். கரைந்த உணவில் கொஞ்சம் குறையும் என்பது உண்மை. ஆனால் தீனி போடுவதை நிறுத்தினாலே அதைவிட அதிகம் குறையும். உணவு தீர்ந்ததும், பாக்டீரியாவைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகியதும், ஒரு வாரத்தில், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் நீர் தானாகத் தெளியும்.

பால் நிறம் தானே மீனைக் கொல்வதில்லை. அதோடு வரும் இரண்டு விஷயங்கள் கொல்லும். ஒன்று மூச்சுத் திணறல். பெருகும் பாக்டீரியா ஆக்சிஜனை உறிஞ்சும். நீர் எவ்வளவு சூடோ அவ்வளவு குறைவாகத்தான் ஆக்சிஜன் கரையும்: 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம், 35 டிகிரியில் 7 மில்லிகிராம் மட்டுமே. சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக் கூடத்தில் இருக்கும் தொட்டியில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது பசி அல்ல.

இன்னொன்று அம்மோனியா. அது கண்ணுக்குத் தெரியாது. அம்மோனியாவின் நஞ்சு நீரின் பி.ஹெச். அளவையும் சூட்டையும் பொறுத்தது. 30 டிகிரி நீரில் பி.ஹெச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நஞ்சான வடிவம் 0.8 சதவீதம்தான். பி.ஹெச். 8 என்றால் 7.5 சதவீதம், 8.5 என்றால் 20 சதவீதம். ஒரே அளவு தீனி, ஒரே அளவு மீன். நீர் மாறினால் நஞ்சு 10 மடங்கு, 25 மடங்கு.

அம்மோனியாவைத் தின்பது யார்?

இந்தக் கேள்விக்கு அறிவியலின் பதில் அண்மையில்தான் மாறியது. நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் புத்தகங்கள் எழுதின. 1998-இல் அமெரிக்காவில் டிமோதி ஹோவனெக்கும் சக ஆய்வாளர்களும், நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று காட்டினர். 2011-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகக் குழு, பல நன்னீர்த் தொட்டிகளின் ஃபில்டரில் அம்மோனியாவை மாற்றுவதில் முன்னிற்பவை பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா என்ற வேறொரு இனம் என்று கண்டது. 2015-இல் அம்மோனியாவை நைட்ரேட் வரை தனியாளாகக் கொண்டுபோகும் நைட்ரோஸ்பைராவை இரு குழுக்கள் ஒரே சமயத்தில் அறிவித்தன. அவற்றுள் நெதர்லாந்துக் குழு அதைக் கண்டெடுத்தது மீன் வளர்ப்புத் தொட்டியின் ஃபில்டரிலிருந்து.

நமக்கு இதில் வேண்டிய செய்தி ஒன்றே: இவை எல்லாமே பெரும்பாலும் நீரில் மிதப்பவை அல்ல, ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் மணலிலும் ஒட்டி வாழ்பவை. அளவாக நீர் மாற்றினால் இவை போய்விடும் என்ற அச்சம் வீண். ஸ்பாஞ்சைக் குழாயடியில் போட்டுப் பிழிந்து, பளிச்சென்று வெயிலில் காயவைத்தால்தான் இவை போகும். ஊராட்சிக் குடிநீரில் பிளீச்சிங் பவுடர் கலந்திருக்கும். இந்தியத் தரநிலைப்படி குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். மனிதரைக் காக்கும் அதே குளோரின் ஃபில்டரைக் காலி செய்யும். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வெயிலில் வைத்தாலோ, கடையில் ஆன்டி-குளோரின் என்ற பெயரில் விற்கும் தயோசல்பேட் கலந்தாலோ குளோரின் அகலும்.

மூன்று தண்ணீர்

குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரநிலை, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்கிறது. கடும்பாறைப் பகுதிப் போர்த் தண்ணீர் மேல் எல்லையை நெருங்குவது புதிதல்ல. சோப்பு நுரைக்காத நீரை "உப்புத் தண்ணி" என்று சொல்லியே ஊர் பழகிவிட்டது. மீன் தொட்டிக்கு இது ஆகாது என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. அது பாதி உண்மை.

அம்மோனியாவை நைட்ரேட் ஆக்கும் வேலை நீரின் காரத்தைத் தின்னும்: ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 7 மில்லிகிராம் காரம். போர்த் தண்ணீரில் பைகார்பனேட் ஏராளம். அதனால் நல்ல பாக்டீரியா இடைஞ்சலின்றி வளரும். கேன் தண்ணீரில் இந்தக் காரம் மிகக் குறைவு. அதில் தொட்டி வைத்தால் முதல் நாள் கண்ணாடிபோல் இருக்கும். சில வாரத்தில் காரம் தீர்ந்து, பி.ஹெச். சரிந்து, அம்மோனியாவை மாற்றும் வேலை நின்றுபோகும். பார்க்க அழகான நீர், வாழ ஆதாரமில்லாத நீர். போர்த் தண்ணீரின் குறை எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது: பி.ஹெச். உயர்வால் அம்மோனியாவின் நஞ்சு கூடும். ஆகவே நல்ல பாக்டீரியா சீக்கிரம் வளரும் அந்த நீரில்தான் முதல் வாரங்களில் மீன் குறைவாக இருக்க வேண்டும்.

நடைமுறைக்குச் சொன்னால், போர்த் தண்ணீரை நேரே தொட்டிக்கு விடாமல் ஒரு டிரம்மில் பிடித்து, ஒரு நாள் ஏர் பம்ப் ஓடவிட்டு, சுண்ணாம்பும் இரும்பும் அங்கேயே படிந்த பின் மேல் நீரை எடுத்தால் அந்த வகைக் கலங்கல் தொட்டிக்கே வராது. மிகக் கடினமான நீர் என்றால் காவிரித் தண்ணீரோடு சரிபாதி கலக்கலாம். கேன் தண்ணீரைத் தனியாக ஊற்றாமல், கலப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். மோலி, கப்பி, பிளாட்டி கடின நீரை விரும்புபவை. நியான் டெட்ரா அப்படி அல்ல. நீருக்கு ஏற்ற மீனைத் தேர்வது, மீனுக்கு ஏற்ப நீரை மாற்றுவதைவிட மலிவு.

கைவைத்தியங்கள்

தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்துக் கலங்கல் நீரைத் தெளிய வைப்பது கலித்தொகைக் காலத்திலேயே தெரிந்த வழி. படிகாரமும் அதே வேலையைச் செய்யும்: துகள்களைக் கட்டியாக்கி அடியில் இறக்கும். இரண்டும் மண் கலங்கலுக்கானவை. ஊற்றும் முன் டிரம்மில் செய்ய வேண்டியவை. மீன் இருக்கும் தொட்டியில் படிகாரம் போட்டால் நீரின் காரத்தைக் குறைக்கும், செவுளுக்கும் நல்லதல்ல. விதையிலிருந்து இறங்கும் கரிமப் பொருளோ பாக்டீரியாவுக்கே விருந்து. கடையில் விற்கும் தெளிய வைக்கும் பாட்டில்களும் பெரும்பாலும் இந்தக் கட்டியாக்கும் வகைதான். தூசிக்குப் பலிக்கும், பாக்டீரியாக் கலங்கலில் ஒரு நாள் காட்சி மட்டும் மாறும்.

நீல மருந்து, அதாவது மெத்திலீன் புளூ, பூஞ்சைக்கான மருந்து. அது நல்ல பாக்டீரியாவையும் தாக்கும், செடியையும் வாட்டும். கலங்கலுக்கு அதை ஊற்றுவது, வளரும் பயிரில் களைக்கொல்லி அடிப்பதுபோல. கல் உப்பு நைட்ரைட் நஞ்சிலிருந்து மீனைக் காக்க உதவும், கலங்கலைத் தொடாது. பச்சைக் கலங்கலுக்கு யு.வி. விளக்கும், மூன்று நான்கு நாள் தொட்டியை இருட்டாக மூடிவைப்பதும் பலிக்கும்.

எல்லாவற்றிலும் நம்பகமான வைத்தியத்துக்குக் காசே வேண்டாம்: நோயில்லாத பழைய தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சைக் கொண்டுவந்து புதுத் தொட்டியில் ஓடவிடுவது. காயாமல், சீக்கிரமாகக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

முடிவாக

பொறுத்திரு என்பவர்களும் தண்ணீர் மாற்று என்பவர்களும் ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நீரைத் தெளிய வைப்பதற்காகத் தண்ணீர் மாற்றுவது வீண் வேலை. மீனைக் காப்பதற்காக மாற்றுவது கடமை. எது எப்போது என்று கண்ணால் சொல்ல முடியாது. சொட்டுச் சோதனைக் கிட்டில் அம்மோனியாவைப் பார்த்தால் சொல்லலாம். மீன் இல்லாத தொட்டி பாலாக வெளுத்தால் விட்டுவிடலாம். மீன் இருந்து, அம்மோனியா தெரிந்தால், குளோரின் போக்கிய நீரால் நாளுக்குக் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மாற்றி, தீனியை நிறுத்தி, ஏர் பம்பைக் கூட்ட வேண்டும். ஓரிரு நாள் பட்டினி மீனைக் கொல்லாது.

தவறு பெரும்பாலும் நடப்பது கலங்கிய நாளில் அல்ல, தெளிந்த நாளில். பத்தாம் நாள் நீர் பளிச்சென்று ஆனதும் தொட்டி தயார் என்று நினைத்து ஒரு டஜன் மீனை வாங்கி விடுகிறோம். மிதக்கும் பாக்டீரியா அடங்கியதற்கும், அம்மோனியாவைத் தின்பவை நிலைகொண்டதற்கும் தொடர்பில்லை. பின்னதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும், பழைய ஸ்பாஞ்ச் கிடைத்தால் குறையும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமாகி நைட்ரேட் மட்டும் தெரியும் நாளே மீன் வாங்கும் நாள். வெளுத்ததெல்லாம் பால் அல்ல என்று நமக்குத் தெரியும். தெளிந்ததெல்லாம் நல்ல நீர் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புகிற கடைக்காரரிடம் மீன் வாங்கினால் பாதிக் கவலை இல்லை.